வாசற்படிக்கு அடியில் கிடந்த குப்பி

சுகுணேட்டா,

மத்திக் குழம்பு சட்டியில் இருக்கிறது. கப்பக்கிழங்கு வேகவைத்துவிட்டேன். உங்கள் அம்மா வந்தால் சூடாக்கிக் கொடுங்கள்.

காலையில் குழாய் மாற்ற வந்த மணியன் வாசற்படிக்குக் கீழே தோண்டினான். மெழுகு வைத்து அடைத்த குப்பி ஒன்று வந்தது. "சேச்சி, தொடாதீங்க! கூடோத்திரம், செய்வினை. யாரோ உங்கள எங்கயும் போகவிடாம கட்டிப் போட்டிருக்காங்க" என்று அலறினான். நான் திறந்தேன். உள்ளே செப்புத் தகடு, என் தலைமுடி, ஒரு சீட்டு. 'லதிகா, அவிட்டம், வெளிநாடு போகக் கூடாது.' உங்கள் கையெழுத்து.

அயர்லாந்து நர்ஸ் வேலை இரண்டு தடவை கைநழுவியபோது, "விடுடி, உன் நேரம் சரியில்ல. நான் இருக்கேன்ல" என்று தலையைத் தடவினீர்களே. முடியை அப்போதுதான் எடுத்தீர்களா?

குப்பையில் எறிய மனம் வரவில்லை. என் முடி, என் பெயர் வைத்துச் செய்த தகடு. உப்பும் மஞ்சளும் சேர்த்துத் துணியில் முடிந்திருக்கிறேன். ஆற்றில் விட்டுக் கும்பிட்டுவிட்டு, அப்படியே கொச்சிக்குப் பஸ் ஏறுகிறேன். நாளைக்கு மூன்றாவது இன்டர்வியூ.

தகட்டுக்கு ஒரு சக்தியும் கிடையாது, எனக்குத் தெரியும். ஆனால் இருக்கிறது என்று நம்பித்தானே புதைத்தீர்கள்.

லதிகா

சீட்டை மட்டும் ஆற்றில் விடப்போவதில்லை. மேசையில் இருக்கிறது. அம்மா நான் எங்கே என்று கேட்டால் வாசித்துக் காட்டுங்கள்.

வாசலில் குழியை மணியன் இன்னும் மூடவில்லை. நீங்கள் தோண்டிய அதே இடம்தான். வெளியே போகும்போது பார்த்துக் கால் வையுங்கள்.