பாம்பைப் பிடித்த கழுகுக் காசு

மண்டூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி கேதீசனுக்கு,

அக்கா ஞானமணி எழுதுகிறேன். ஜெர்மனியில் நீயும் கலாஜினியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகனைக் கும்பிடுகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அத்தானை அடக்கிய மண் காயவில்லை, அதற்குள் உன் மருமகன் நிஷாந்தைப் பொலிஸ் பிடித்து மறியலில் போட்டுவிட்டார்கள். போனில் சொல்லத் தொடங்கினால் லைன் அறுகிறது. வட்சப்பில் நீ பார்த்ததாக நீலக்கோடு விழுகிறது, பதில் இல்லை. அதனால்தான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். அதிகம் படிக்காதவள், பிழையைப் பொறுத்துக்கொள்.

நடந்தது இதுதான். அத்தான் ஆஸ்பத்திரியில் மூச்சிழுத்துக்கொண்டு கிடந்தபோது, நீ கொண்டுவந்த பழைய ஜெர்மன் வெள்ளிக் காசுகள் தகரப் பேணியோடு கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் தாட்டுக் கிடக்கு என்று சொன்னார். சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து திரிந்த காலத்துப் பழக்கம். செத்தவீடு முடிந்தபின் நிஷாந்த் கிண்டி எடுத்தான். பேணி உக்கி, காசெல்லாம் சேறு. அப்பாவின் படத்துக்குக் கீழே கண்ணாடி போட்டு வைக்கப்போகிறேன், முப்பத்தோராம் நாளுக்கு வாற சனம் பார்க்கட்டும் என்று சொல்லி, கழுவிக்கொடுக்கச் சொல்லிப் புளியந்தீவில் ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனான். அங்கே நின்ற யாரோ பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள், பழைய காசு, சேறும் காயவில்லை, புதையல் கிண்டியிருக்கிறான் என்று. போன மாதம் அவன் வயல் வட்டையில் பெக்கோ மெசின் ஓட்டி வாய்க்கால் வெட்டினவன். அங்கே கிண்டி எடுத்ததாம் என்று அதுவும் சேர்ந்துகொண்டது.

ஜெர்மன் காசுகள்மேல் அத்தானுக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். நீ முதல்முதல் கடிதத்தில் ஒட்டி அனுப்பிய அம்பது சதம் மாதிரியான காசை எனக்குக் காட்டி, இஞ்ச பாருகா, அவங்கட காசில ராசாவுமில்ல சாமியுமில்ல, உன்னைப்போல ஒருத்தி குந்தியிருந்து மரக்கண்டு நடுறாள் என்று சிரித்தார். வெள்ளிக் காசுகளைப் பார்த்தபோது, முன்பக்கம் ராசா மாறி மாறி வாறான், பின்பக்கம் அதே கழுகுதான், ஆர் ஆண்டாலும் கொத்துறது ஒண்டுதான் என்றார். குதிரையில் ராசாவும் சுற்றி நிறையச் சனமும் இருக்கிற காசில் மட்டும் கழுகு ஒரு பாம்பைப் பிடித்திருக்கும். அது கழுகில்லை, கருடன் என்று அடம்பிடித்தார். பொலிசும் அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்ததாம்.

சட்டத்தரணி அஜந்தா நல்ல பிள்ளை. கொண்டுவந்தவர் எழுதினால் போதும் அம்மா என்கிறாள். என்னென்ன காசு, எப்போது கொண்டுவந்தது, யாரிடம் வாங்கியது என்று எழுதி, அங்கேயுள்ள தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டுமாம். தேவைப்பட்டால் ஜெர்மனியிலும் விசாரிப்பார்களாம்.

யாரிடம் வாங்கியது என்ற இடத்தில்தான் நீ நிற்கிறாய் என்று எனக்கு விளங்குகிறது தம்பி.

நீ கடைசியாக வந்தபோது, நீ பராமரித்த வெள்ளைக்காரக் கிழவர் சாகமுதல் தந்தது என்றாய். அவர்ட பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று அத்தான் ஒரு கேள்விதான் கேட்டார். நீ பாதிச் சோற்றில் கைகழுவி எழும்பினாய். அடுத்தநாள் கொழும்புக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு அவர் அந்த வெள்ளிக் காசுகளை எடுத்துப் பார்க்கவே இல்லை. நீ முந்தி அனுப்பிய சில்லறைக் காசெல்லாம் இன்றைக்கும் அலுமாரியில்தான் கிடக்கிறது. தாட்டது இவற்றை மட்டும்தான்.

நிஷாந்தைப் பார்க்கப் போனேன். மெலிந்துபோனான். உங்கட சோத்தவிட மறியல் சோறு நல்லமம்மா என்று பகிடி விடுகிறான். பிறகு மெதுவாக, மாமாவ இழுக்காதிங்க, அப்பா எங்கயோ வாங்கி வெச்சது எண்டு சொல்லிட்டன் என்றான். செத்த தகப்பன்மேல் பழியைப் போடுகிறான், உனக்காக. அவன் வராவிட்டால் முப்பத்தோராம் நாள் கிரியை செய்ய அவருக்கு வேறு பிள்ளை இல்லை.

கிழவர் மனமறிந்து தந்திருந்தால் அதை எழுது. தராமல் எடுத்திருந்தால் அதையும் எழுது. உன் வேலை போகலாம், சனம் கதைக்கும், கலாஜினி அழுவாள். எல்லாம் யோசித்துத்தான் கேட்கிறேன். நீ என் தம்பி இல்லை என்று அதனால் ஆகிவிடாது. வீட்டில் உனக்கு எப்போதும் சோறு இருக்கும்.

வருகிற திங்கள் அல்ல, அடுத்த திங்கள் வழக்குத் தவணை. உன் கடிதம் வராவிட்டால் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று அஜந்தா சொல்கிறாள். கேட்டால் நான் பொய் சொல்லமாட்டேன் தம்பி. பிள்ளையா தம்பியா என்று நீதவான் முன்னால் என்னைத் தெரிவுசெய்ய வைக்காதே. என் வாயால் உன் பெயர் வருமுன் நீயே சொல்லிவிடு.

மண்டூர் முருகன் உனக்கு மனத்தைரியம் தரட்டும்.

உன்னோடு ஒரே வயிற்றில் கிடந்த
அக்கா ஞானமணி