சொல்லிட்டு அமுக்கு

இன்று காலை பாப்பாவின் வாய்க்குள் விரல் விட்டு ஒரு ஸ்க்ரூவை எடுத்தேன். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். சோபாவுக்கு அடியில் புகுந்தவள் எதையோ மென்றுகொண்டே வெளியே வந்தாள். பறித்த பிறகும் மனசு ஆறவில்லை. டார்ச் அடித்துத் தொண்டை வரைக்கும் பார்த்தேன். மேசையில் மூன்று ஸ்க்ரூ இருந்தது, கையில் ஒன்று, ஆக நான்கு. டிஸ்கைப் பிடித்திருப்பது நான்குதானே என்று மறுபடி எண்ணினேன். நான்குதான். அதற்கப்புறம்தான் தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் அழுவதைப் பார்த்து அவளும் அழுதாள்.

உன் கம்ப்யூட்டரின் ஸ்க்ரூடி அது.

உங்கம்மா அதை எங்கள் வீட்டுக்கு அனுப்பி ஏழு மாதமாகிறது. கூடவே உன் இட்லித் தட்டையும் கொடுத்துவிட்டார்கள். "இனி இதுல இட்லி ஊத்த முடியாதும்மா, பூராம் கீறல். நீயே வச்சுக்க" என்றார்கள். தட்டின் ஏழு குழியிலும் மார்க்கர் பேனாவால் நீ எழுதியது அப்படியே இருக்கிறது. மதர்போர்டு, டிஸ்க், ஃபேன், மூடி என்று இப்படி ஆறு குழிக்குப் பெயர். ஏழாவதில் வெறும் கேள்விக்குறி. எதற்கென்று தெரியாத ஸ்க்ரூவை நீ தூக்கிப் போட்டதே இல்லை. "அதத் தேடிக்கிட்டு ஒருநா ஒரு ஓட்ட வரும்டி" என்பாய்.

நாலு நாளைக்கு முன்னால், நம் கூட்டத்துக்கு நீ போட்ட பழைய இதழ்களை எடுப்பதற்காக உன் கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்து டிஸ்கைக் கழற்றினேன். உன் தட்டில் போட மனம் வரவில்லை. ஸ்க்ரூக்களை ஒரு பேப்பரில் வைத்தேன். அதில் ஒன்று உருண்டு போனதைக் கவனிக்கவில்லை. கேஸ் வால்வை மூன்று தடவை பார்க்கிற, பிள்ளை தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிற என் வீட்டில்தான் இது நடந்தது. நீ இருந்தால் சிரித்திருப்பாய். "நீ ஒரு ஆளே மூணு பேக்கப்புடி" என்று என்னைச் சொல்வாயே.

அந்தப் பேச்சுதான் இப்போது உறுத்துகிறது.

நம் ரெண்டாம் ஞாயிறு கம்ப்யூட்டர் கூட்டம் இன்னும் நடக்கிறது. அதே பூட்டுக் கடை மாடி, ஜன்னலைத் திறந்தால் அதே மலைக்கோட்டை. பத்துப் பதினைந்து பேர் வருகிறார்கள். ராம் விலை ஏறியதைப் பேசுகிறார்கள், பழைய விண்டோஸுக்கு இனி அப்டேட் வராதாமே, என்ன செய்யலாம் என்கிறார்கள். கழற்றி மாட்டுகிறார்கள். இல்லாமல் போனது உன் செய்தித்தாள் ஒன்றுதான். முன்னும் பின்னுமாக ஒரே தாள். மாடியில் ஜெராக்ஸ் பிரதி, குரூப்பில் பிடிஎஃப். "கன்னிவாடிக்குப் புது மதர்போர்டு வந்தது; பழையது ஆட்டுக் கொட்டகையில் ஓய்வு" என்று நீ தலைப்புப் போட்டதை அந்தக் கன்னிவாடிக்காரர் கண்ணாடிச் சட்டமே போட்டு மாட்டியிருக்கிறார்.

எந்தக் குழுவிலும் புதிதாக வாங்கியதுதான் முதல் பக்கத்தில் வரும். நீ அதைப் பின்பக்கத்துக்குத் தள்ளினாய். முதல் பத்தி எப்போதும் 'கெடுத்தது'. இந்த மாதம் யார் எதைக் கெடுத்தார்கள், எப்படிக் கெடுத்தார்கள், கீழே பெயர். கூட்டத்திலும் கெடுத்ததைச் சொல்லாதவருக்கு டீ கிடையாது. பாலசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி வருவாரே, வெங்காயம் போடுகிறவர், அவர் ஒருநாள் கேட்டார்: "ஏனுங்க, நான் ஒண்ணையும் கெடுக்கலைங்களே. எனக்கு டீ உண்டுங்களா?"

"கெடுக்கலைன்னா இந்த மாசம் நீங்க எதையும் தொடலைன்னு அர்த்தம்ங்க" என்றாய். மறுமாதம் அவர் பவர் சப்ளை ஒன்றைப் புகைய விட்டுவிட்டு, டீயை உரிமையோடு கேட்டு வாங்கிக் குடித்தார்.

அந்தப் பத்தியில் என் பெயர் அச்சானதே இல்லை. சின்னதாக எதையாவது வாயால் சொல்லி டீ வாங்கிவிடுவேன். தாளில் போடாதே என்று உன்னிடம் கெஞ்சுவேன். உன் தாளுக்குப் பிழை பார்க்கிறவள் நான், என் பிழை அச்சில் வரக்கூடாது என்று ஒரு வீம்பு.

ரபீக் அண்ணன் டிஸ்க் கொண்டு வந்தபோது எனக்கு எட்டாம் மாதம். பேகம்பூரில் தோல் கடை வைத்திருக்கும் மனுஷர், கூட்டத்துக்கு ஒரு ஞாயிறு தவறாமல் வருகிறவர். பழைய டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது, உள்ளதையெல்லாம் புது எஸ்எஸ்டிக்கு மாற்றிக் கொடுங்கள் என்றார். "மத்ததெல்லாம் போனாக்கூடப் போகட்டும் தங்கச்சி. எங்கத்தா பேசுற வீடியோ மூணு நிமிசம் இருக்கு. 'போனக் கீழ வைலே, தொழுகைக்கு நேரமாச்சு'ன்னு என்னையத் திட்டுவாரு. அவரு மவுத்தான பெறகு அந்தச் சத்தம் வேற எங்கயும் இல்ல."

அவர் அப்பாவின் குரல் இருந்த டிஸ்கையும் புதியதையும் உன் வீட்டு மேசையில் பொருத்தினோம். நகலெடுக்கும்போது நமக்கு ஒரு வழக்கம் உண்டு. எது நிறைந்தது, எது காலி என்று பக்கத்திலிருக்கும் ஆளிடம் வாய்விட்டுச் சொல்லி, அவர் 'ஆமா' என்ற பிறகுதான் பட்டன். நீ போட்ட விதி. சொல்லிட்டு அமுக்கு. நீ அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாய். எனக்கு இடுப்பு வலி, சீக்கிரம் வீட்டுக்குப் போனால் தேவலை. பழைய டிஸ்கின் மேல் ஒட்டியிருந்தது 500 ஜிபி. புதியதில் 480. திரையிலோ 465, 447 என்று காட்டியது. திரையில் எப்போதும் குறைத்துத்தான் காட்டும், எனக்குத் தெரியாததா என்ன. ஆனால் அந்த நொடியில் 480-க்குப் பக்கத்தில் இருப்பது 465, அப்படியானால் அதுதான் புதியது என்று மண்டையில் ஏறிவிட்டது. பழைய 500தான் அங்கே 465 என்று நிற்கிறது என்பது உறைக்கவில்லை. உன்னைக் கூப்பிடவில்லை. அமுக்கிவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் ஓடியது. அதன் எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்தோம், பாப்பாவுக்குப் பெயர் தேடினோம். நூறு சதவீதம் என்று வந்ததும் நீ கை தட்டினாய். திறந்து பார்த்தால் இரண்டும் காலி. வெறும் டிஸ்கை எடுத்து, நிறைந்த டிஸ்கின் மேல் வெறுமையை வரி வரியாக எழுதி முடித்திருந்தேன்.

இரண்டு நாள் மீட்டுப் பார்த்தாய். எழுதப்படாமல் மிஞ்சிய கடைசி மூலையில் யாரோ அனுப்பிய காலை வணக்கப் படங்கள் மட்டும் கிடைத்தன. ரோஜாப்பூவும் டீ கப்பும்.

"ஏண்டி, பி.பி. எம்புட்டு சொன்னாங்க உனக்கு?" என்றாய்.

"அத எதுக்கு இப்பக் கேக்குற."

"எம்புட்டு?"

சொன்னேன்.

"அப்ப பேசாம உக்காரு. இத இந்த மாசம் எம்பேர்ல போட்டுக்கிறேன். பிள்ள பொறந்து நீ தெம்பானதும் உம்பேருக்கு மாத்துவோம். திருத்தம்னு ஒரு பெட்டி கட்டுனாப் போச்சு."

அந்த மாதம் 'கெடுத்தது' பத்தியில் உன் பெயர். "நிறைந்ததன் மேல் காலியை எழுதிவிட்டேன். அமுக்கும் முன் சொல்லவில்லை." ரபீக் அண்ணன் அதை மாடியில் நின்றபடியே படித்தார். மடித்துப் பையில் வைத்தார். அன்றிலிருந்து உன்னிடம் அவர் பேசவே இல்லை. கூட்டத்துக்கு வருவார், உன் கையால் டீ வாங்க மாட்டார். நீயும் ஒவ்வொரு மாதமும் அவர் முன்னால் நீட்டுவாய். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணன் கோவம் நியாயந்தான்டி. அத்தா கொரல் போச்சுல்ல" என்றாய் ஒருநாள். அவ்வளவுதான் நீ சொன்னது.

"இந்த மாசம் மாத்திப் போட்டுரவா?" என்று இரண்டு தடவை கேட்டாய். முதல் தடவை தடுப்பூசிக் காய்ச்சல் என்றேன். இரண்டாவது தடவை, அவள் தூங்குவதே இல்லை, என்னால் எதையும் யோசிக்க முடியவில்லை என்றேன். இரண்டும் பொய்யில்லை. மூன்றாவது தடவை நீ கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இதை இன்று எழுதாவிட்டால் வேறு எப்போது எழுதப்போகிறேன்.

அப்புறம் உனக்கு அந்த நாலு நாள் காய்ச்சல். மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில் போனில் ஒரு வரி அனுப்பினாய்: "இந்த மாச ஷீட்ட நீ பாத்துக்க." சரி என்று போட்டேன். என் சரியை நீ பார்த்ததாக இன்றுவரை அதில் காட்டவில்லை.

உன்னைத் தூக்கிய அன்று ரபீக் அண்ணன் வந்திருந்தார். வீட்டுக்குள் வரவில்லை. தெருமுனையில் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். நான் பார்த்தேன். போய்ச் சொல்லியிருக்கலாம்.

போன ஞாயிறு மாடியில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள், உனக்காக ஒரு இதழ் போடுவது, அதை நான் செய்வது என்று. படி இறங்கும்போது ரபீக் அண்ணன் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். "தங்கச்சி, இத ஓரமா எங்கயாச்சும் போட்டுரு" என்றார். அவர் கையெழுத்தில் இருந்தது: "எங்கத்தா வீடியோ போனதுக்கு இந்தப் பிள்ளைகூட ஒம்பது மாசம் பேசாம இருந்துட்டேன். இப்ப மனசார மன்னிச்சுட்டேன். அல்லா நல்ல இடம் குடுக்கட்டும்."

நாலு நாளாக அந்தத் தாள் உன் இட்லித் தட்டுக்கு அடியில்தான் கிடந்தது. அப்படியே போட்டால் என்ன என்று நினைத்தேன். அவருக்கும் ஆறுதல், எனக்கும் வம்பில்லை. சொன்னால் அவருக்குத்தான் கூடுதல் வலி. செத்துப்போன ஒரு பெண்ணிடம் காரணமே இல்லாமல் ஒன்பது மாதம் முகம் திருப்பியிருக்கிறோம் என்று அவர் காலம் பூராவும் சுமக்க வேண்டும். சொல்லாமல் இருப்பதற்கு இப்படி எத்தனையோ நல்ல காரணங்கள் எனக்குக் கிடைத்தன.

காலையில் ஸ்க்ரூவைத் தட்டில் போடப் போனேன். டிஸ்க் என்று நீ எழுதிய குழியில் நான்கையும் போட்டேன். அடியிலிருந்து அவர் தாள் எட்டிப் பார்த்தது. அதை எடுத்துக்கொண்டு, பாப்பாவை இடுப்பில் தூக்கி, பேகம்பூருக்கு டவுன் பஸ் ஏறிவிட்டேன்.

அண்ணன் கடையில் தோல் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தார். "வா தங்கச்சி, பாப்பா நல்லாருக்கா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். "அண்ணே, உங்க டிஸ்க அவ அழிக்கல. நாந்தான் அழிச்சேன்" என்றேன். 465, 447 எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாதி பிரித்த சுருளின் மேல் கையை வைத்தபடி கேட்டார்.

"இத இப்ப வந்து எதுக்குச் சொல்ற? சொல்லாம விட்டா எனக்குத் தெரியவா போகுது?" என்றார்.

"நீங்க மன்னிச்சது அவளண்ணே. அவ செய்யலையே."

"ஒம்பது மாசம்" என்றார். "மாசாமாசம் டீயக் கொண்டாந்து நீட்டுச்சே அந்தப் புள்ள. ஒரு தடவையாச்சும் நான் இல்லண்ணேன்னு சொல்லிருக்கக் கூடாதா?" அப்புறம், "எம்மேல வருத்தப்பட்டுச்சா?" என்று கேட்டார்.

நீ சொன்னதை அப்படியே சொன்னேன். அண்ணன் கோபம் நியாயம் என்றதை. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாப்பா தொங்கிக்கொண்டிருந்த ஒரு தோல் வாரைப் பிடித்து இழுத்தாள். நான் பிடுங்கப் போனேன்.

"விடு, வச்சுக்கட்டும்."

"வாயில வச்சிருவாண்ணே."

"கழுவிக் குடு."

அவர் தாளைக் கேட்டு வாங்கி, ஒரு வரியை அடித்தார். மன்னிச்சுட்டேன் என்பதை அடித்து, 'மன்னிச்சுக்கம்மா' என்று எழுதினார். பேசாமல் இருந்த கதையை அப்படியே விட்டுவைத்தார். திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "அதுக்கு எழுதிட்டேன். உனக்கு இப்ப என்னால ஒண்ணும் சொல்ல முடியாது தங்கச்சி. நாளாகட்டும்" என்றார். சரிண்ணே என்றேன். வேறு எதை நான் கேட்க முடியும்.

இப்போது விளக்கு வைத்தாயிற்று. பாப்பா தோல் வாரைக் கையில் பிடித்தபடியே தூங்குகிறாள். வாயில் இல்லை, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். இதழ் திரையில் தயாராக இருக்கிறது. பின்பக்கம் ராம் விலை, அடுத்த கூட்டத்தில் லினக்ஸ் போட்டுக் காட்டுவது, பாலசமுத்திரத்தாரிடம் விலைக்கு ஒரு மானிட்டர். முன்பக்கம் உன் படம், அதன் கீழே அண்ணனின் வரிகள். எல்லாவற்றுக்கும் மேலே, நீ சொன்ன பெட்டி. திருத்தம். கெடுத்தது நான், அமுக்கும் முன் சொல்லாதவள் நான், அதற்கப்புறம் பதினாறு மாதம் சொல்லாதவளும் நான். கீழே என் முழுப் பெயர்.

குரூப்புக்கு அனுப்பும் பட்டனில் விரல் இருக்கிறது. பக்கத்தில் ஆள் வேண்டுமே என்றுதான் இம்புட்டையும் உனக்கு எழுதினேன். எது நிறைந்தது, எது காலி என்று சொல்லியாயிற்று. நீ ஆமா என்று சொன்னதாகவே வைத்துக்கொண்டு, அமுக்குகிறேன்டி.