ஃபோட்டோஸ்டேட்டில் வெட்டுப்பட்ட வரி

12 ஆகஸ்டு 1994, வெள்ளி

நானே செய்த சிப் போர்டில் சிவப்பு விளக்கு மின்னிவிட்டது. நாளைய டெக்னீஷியன் நேர்காணலுக்கு ஓடுகிற போர்டோடு போகலாம்.

மூன்று நாளாக ஒரே பிழை. புரோகிராமைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் ஒவ்வொரு முறையும் என் புரோகிராமின் கடைசி வரியைத்தான் காட்டியது. அதைத் திருத்தித் திருத்திச் சலித்துவிட்டேன். நேற்று கேண்டீனில் எங்கள் எஞ்சினியர் என் காகிதங்களை எட்டிப் பார்த்தார்.

"ஆப்பரேட்டருக்கு இதெல்லாம் எதுக்குலா தம்பி? போர்டுல சாமான் சொருகுனா போதாதா?"

காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

இன்றுதான் ஹெட்டர் ஃபைல் மேல் சந்தேகம் வந்தது. சிப்பின் கால்களுக்குப் பெயர் சொல்லும் அந்த ஃபைலை, புத்தக நகல் ஒன்றைப் பார்த்து நானே தட்டியிருந்தேன். தொழுகை முடிந்து ஃபோட்டோஸ்டேட் கடை திறந்ததும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போய், நகலெடுத்துத் தந்த காதர் அண்ணனிடம், அவர் கடையிலேயே இருக்கும் அசல் புத்தகத்தைக் கேட்டேன். பக்கத்தின் அடியில், என் தாளில் இல்லாத ஒரு வரி: #endif. முதல் வரியில் திறந்த நிபந்தனையை மூடுவது அதுதான். அது இல்லாததால் கம்பைலர் என் புரோகிராமின் கடைசி வரி வரை அதைத் தேடிக்கொண்டு போய், அங்கே பிழை காட்டியிருக்கிறது.

"அண்ணே, வெட்டிட்டீங்களே."

"நீதானே ரெண்டு பக்கத்தயும் ஒரே தாள்ல அடக்கச் சொன்னே? கம்ப்யூட்டர் ஆளு, ஒரு வரி காணோம்னு தெரியலயா?"

அதைத் தாளின் அடியில் குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அந்த வரியைச் சேர்த்தேன். பிழை பூஜ்யம்.

ஃபாக்டரியிலும் இதே கதைதான். எங்கே கெட்டாலும் கடைசியாகத் தொட்ட ஆப்பரேட்டர் பெயரைத்தான் எழுதுவார்கள். நானும் மூன்று நாள் அதையேதான் செய்திருக்கிறேன்.

நாளை நேர்காணலில் அந்த எஞ்சினியரும் இருப்பார். போர்டை அவர் முன்னால்தான் வைப்பேன். என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும்.

தூங்க வேண்டும். அந்தச் சிவப்பு விளக்கை அணைக்கத்தான் மனம் வரவில்லை.