பன்னீர்த் தேத்தண்ணியும் போத்தலை வாசித்த ஆளும்

மச்சான்,

சம்மாந்துறைக்கு, என்ட கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போகிறேன். பொழுதுபட்டு மஃரிபு தொழுகைக்கு முந்தி வந்துவிடுவேன். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு உங்கட உம்மா வருவா. போன வெள்ளிக்கிழமை நாறிப்போன பன்னீர்த் தேத்தண்ணியை இன்றைக்கு நீங்களே போட்டுக் கொடுங்கள்.

தேயிலை மூன்று கரண்டி போட்டு, சாயத்தைக் கடுப்பமாக வடியுங்கள். எருமைப்பாலைக் காய்ச்சிச் சாயத்தோடு கலந்து, நுரை எழும்பும்வரை நன்றாக ஆற்றுங்கள். பன்னீர் கடைசியில்தான், ஒரு தேக்கரண்டி. அடுப்பில் இருக்கும்போது விட்டால் மணம் போய்விடும்.

பன்னீர் குசினியில், அடுப்புக்கு மேல் தட்டில் இருக்கிறது. தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு நான் விட்டது அத்தர். "இவளுக்கு அத்தரும் பன்னீரும் ஒண்டுதான்" என்று உம்மாவுக்கு முன்னால் சிரித்தீர்கள். எனக்கு அறபு ஓதத் தெரியும், கருத்துத் தெரியாது. அதனால்தான் அறபில் எழுதியிருந்த போத்தலை உங்களிடம் காட்டினேன். "வர்த் எண்டா ரோசாப்பூ. இதுதான் பன்னீர், விடு புள்ள" என்று சொன்னது ஆர்? மூன்று வருடம் சவூதியில் இருந்த ஆள்தானே! உம்மா இருந்ததால் நான் வாய் திறக்கவில்லை.

இன்றைக்குக் கோப்பையை நீட்டுமுன் உம்மாவிடம் அதை நீங்களே சொல்லுங்கள். சொல்வீர்கள், எனக்குத் தெரியும்.

உங்கட பொஞ்சாதி றைகானா

வாசல்கதவுத் திறப்பு பூச்சட்டிக்குக் கீழே.

சீனியை உம்மாவிடம் கேட்டுப் போடுங்கள்.

அந்த அத்தரை நான் வீசவில்லை. உங்கட வெள்ளைச் சட்டையில் கொஞ்சம் பூசி வைத்திருக்கிறேன். மணம் நல்லாத்தான் இருக்கு. குடிக்கத்தான் ஏலாது.