லாபம் இருந்தும் காசில்லாத கம்பெனி

"ஏட்டி, கம்பெனிக்கு லாபம் வருது, கையில காசு இல்ல. அது எப்படி?" என்று அன்று நிதிப் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாய், அண்ணே. பதில் தெரிந்தும் கூச்சத்தில் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

நான் வேலைக்குப் போகும் வெடிக் கம்பெனியையே பார். சரக்கை அனுப்பியதுமே லாபம் எழுதியாகிறது. கடைக்காரர்கள் தீபாவளி கழித்துத்தான் பணம் தருகிறார்கள். எங்கள் கூலியையோ இந்த வாரமே கொடுக்க வேண்டும். சரிதானே? இன்றைய பரீட்சையில் வந்தால் எழுது.

இட்லி மூடி வைத்திருக்கிறேன். சாவியைப் பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போ. கம்பெனி வண்டி வந்துவிட்டது.

இன்னொன்று. நீ பாஸானதும் எனக்காக அப்பாவிடம் பேசுவதாகச் சொன்னாய். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராத்திரி நீ தூங்கிய பிறகு நானே கேட்டுவிட்டேன்: "எட்டாவதோட நின்னுட்டேன்ப்பா, வீட்டுல இருந்தே படிச்சு பத்தாவது எழுதட்டுமா?"

அப்பா பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார்.