உங்கப்பா சைக்கிளில் மாட்டிய கண்ணாடி

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அப்படித்தான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நிஜமாகவே சுகமாக இருக்கிறீர்களா என்று எழுது. போனில் பேசாமல் அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உங்கப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு, தெருவே நின்று கேட்கிற மாதிரி கத்திப் பேசுகிறார், அதில் நான் உன்னிடம் தனியாக என்னத்தைப் பேசுவது. பதினெட்டாம் தேதி சைக்கிளில் கிளம்புகிறோம், அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

முதலில் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். கீழறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, அம்மாவுக்கு என்ன நிறத்தில் திரைச்சீலை வேண்டும் என்று போன மாதத் தொடக்கத்தில் கேட்டாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எப்போது உன் வீட்டோடு வந்துவிடுகிறேன் என்று சொன்னேன்? அப்பாதான் சொன்னாரு, அம்மாவுக்கும் சம்மதமாம்னு நீ சொல்கிறாய். ஆனால் உங்கப்பா என்னிடம் இதைக் கேட்டது ஒரே ஒரு தடவை, இரண்டு மாதத்துக்கு முன்னால் கால்வாய் ரோட்டில். அவர் முன்னால் போகிறார், நான் பின்னால் போகிறேன், திரும்பாமலேயே குட்டிகிட்டயே போயிடலாமான்னு கேட்டார். நான் வேண்டாம் என்றேன். வெறுமனே சொல்லவில்லை, இந்த வீடு, என் தையல் மிஷின், என்னோடு வேலை பார்த்த தோழிகள், உன்மேல் ஆசை இல்லாமல் இல்லை ஆனால் உன் சமையலறையில் விருந்தாளியாக நிற்க எனக்கு வராது என்பது, எல்லாவற்றையும் பாலம் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். முகத்துக்கு நேரே சொல்ல வராததெல்லாம் முதுகைப் பார்த்தால் வந்துவிடுகிறது. பாலத்துக்கிட்டே அவர் கையைத் தூக்கினார். சரி, புரிந்துகொண்டார் என்று எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. அந்த மனுஷன்தான் உன்னிடம் நான் சம்மதித்ததாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு எனக்கே காது குத்துகிறீர்களா என்றுதான் நினைத்தேன். முப்பத்தொரு வருஷம் தையல் கம்பெனியில் செக்கராக இருந்தவள் நான், ஒரு நூல் விட்டுப்போயிருந்தாலும் சட்டையைத் திருப்பி அனுப்பியவள். அன்றிலிருந்து உங்கப்பாவைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தேன்.

முதல் சந்தேகம் இந்தப் பயணத்தின் மேலேயே வந்தது. பன்னிரண்டு நாள், கடற்கரை வரைக்கும் போய் வருவது. ஆறு மாதம் முன்னால் நான் ஆசைப்பட்டபோது இந்த வயசுல எதுக்கும்மா என்று மழுப்பியவர், இப்போது தானாகவே தேதி குறிக்கிறார், கடைக்குப் போகலாம் வா என்கிறார். வீட்டைக் காலி பண்ணப் போகிறவளுக்குக் காட்டுகிற கடைசி மிட்டாய் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறக்காமல் கூடவே போனேன். சைக்கிள் கடைக்காரரை உனக்கு நினைவிருக்கும், உன் முதல் சைக்கிளுக்கு மணி மாட்டித் தந்தவர், இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. குறுக்குக் கம்பி தாழ்ந்திருக்கிற சைக்கிளைக் காட்டினார். இருபது வருஷமாக அதைப் பொம்பளை வண்டி என்று கேலி பண்ணின உங்கப்பா, ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டார். பின் கேரியரில் பையை ஏத்திட்டா காலைத் தூக்கிச் சுத்திப் போட முடியாது சார், இடுப்பு பிடிச்சுக்கும்னு கடைக்காரர் சொன்னது நியாயம்தான், ஆனால் உங்கப்பா நியாயத்துக்குக் கட்டுப்படுகிற ஆளா? பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரமாகப் போடச் சொன்னார், மேட்டில் மெதுவாக ஏறினாலும் முட்டி தப்பிக்கும் என்று. எனக்கும் அதையே போடச் சொன்னார். என் முட்டி வலிக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லையே என்று அதிலும் ஒரு சந்தேகம்.

மெத்தை மாதிரி ஒரு சீட்டை என் தலையில் கட்டப் பார்த்தார் கடைக்காரர். உட்கார்ந்தால் சொகுசாகத்தான் இருந்தது, அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரவல் வாங்கிப் போய் ஓட்டிப் பார்த்தேன், பத்து கிலோமீட்டர் சொர்க்கம், முப்பதாவது கிலோமீட்டரில் இறங்கி நின்று அழுகை வந்தது. உட்காருகிற எலும்புகளின் அகலத்துக்குச் சரியாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கிற சீட்டுதான் நமக்கு ஆகும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். மழைத் தண்ணீர் புகாது என்று விற்கிற பைகளையும் கடையிலேயே உள்புறம் திருப்பிப் பார்த்தேன். ஒரு ஜோடியில் ஊசித்துளை வரிசையாகத் தெரிந்தது, தையல் போட்ட பையில் தண்ணீர் எப்படிப் புகாமல் இருக்கும்? தைக்காமல் ஒட்டி, வாயைச் சுருட்டி மூடுகிற பையாக வாங்கினோம். கூடாரம் வேண்டவே வேண்டாம் என்றேன், தரையில் படுத்தால் காலையில் என்னை யார் தூக்கி நிறுத்துவது, வழியில் விடுதி பார்த்துத் தங்கிக்கொள்ளலாம். டியூப் மாற்றுகிற சாமான்களோடு உங்கப்பாவின் பழைய படிக்கிற கண்ணாடியையும் கட்டி வைத்தேன். அது இல்லாவிட்டால் டயரில் குத்தின முள்ளை அவர் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதிலெல்லாம் அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

அப்புறம் அந்தக் கண்ணாடி. ஹேண்டிலின் நுனியில் மாட்டுகிற சின்ன வட்டக் கண்ணாடியைச் சொல்கிறேன். காது இருக்கிறவனுக்குக் கண்ணாடி எதுக்கு, சத்தத்துலயே லாரியா பஸ்ஸா சொல்லிடுவேன்னு ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர் அவர். போன மாதம் கல்குவாரி வளைவில் என் சைக்கிள் பஞ்சராகி நின்றுவிட்டது. ஏங்க, ஏங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன், திரும்பியே பார்க்காமல் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. பேசினால்தானே. காலையில் நடந்த சண்டைக்குப் பழி வாங்குகிறார் என்று நினைத்து நானும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். மறுநாளே கண்ணாடி வந்துவிட்டது. அதே வாரம் சாப்பாட்டு மேஜையில் தன் நாற்காலியையும் மாற்றிப் போட்டுக்கொண்டார், சன்னல் பக்கமாக. சன்னலுக்கு எதிர்வீட்டில் நடனம் சொல்லிக் கொடுக்கிற டீச்சர் குடி வந்திருக்கிறாள். சிரிக்காதே. அறுபத்தாறு வயது மனுஷன் கண்ணாடி வாங்குகிறார், சன்னல் ஓரம் உட்காருகிறார் என்றால் நான் என்ன நினைப்பது? இரண்டு நாள் அவர் சட்டைப்பையில் சீப்பு இருக்கிறதா என்று தேடிக்கூடப் பார்த்தேன்.

ஒருநாள் வழியில் டீ குடிக்க நின்றோம். அவர் டீ வாங்கப் போன நேரத்தில் அவர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். ரோடு தெரியவில்லை. பின்னால் லாரி வந்தால் சக்கரம்கூடத் தெரியாது. ரோட்டு ஓரமும், அங்கே நிறுத்தியிருந்த என் சைக்கிளும்தான் முழுசாகத் தெரிந்தது. என்னை வேவு பார்க்கவா கண்ணாடி வாங்கினார் என்று முதலில் கோபம் வந்தது, அப்புறம்தான் கல்குவாரி வளைவில் நான் அவ்வளவு கத்தியும் அவர் திரும்பாதது நினைவுக்கு வந்தது. அன்று சாயங்காலம் ஒரு காரியம் பண்ணினேன். மண்ணெண்ணெய்த் துணியால் அவர் சைக்கிள் செயினில் இருந்த எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் துடைத்து எடுத்தேன். உங்கப்பா யார், அச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் மிஷின் ஓட்டியவர், அடுத்த அறையில் பேரிங் தேய்ந்தால் இங்கிருந்தே சொல்லிவிடுவார். மறுநாள் காலையில் அந்தச் செயின் கீச்சு கீச்சு என்று கதறுகிறது, கால்வாய் ரோட்டில் நடக்கப் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள், ஒரு நாய் கொஞ்ச தூரம் கூடவே ஓடி வருகிறது, உங்கப்பா பாட்டுக்கு மிதித்துக்கொண்டு போகிறார். பதினெட்டு கிலோமீட்டர். பின்னாலேயே போன எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, காற்று என்று துடைத்துக்கொண்டேன். சத்தம் கேட்டு சைக்கிள் கடைக்காரர் எண்ணெய்ப் புட்டியோடு ரோட்டுக்கே ஓடி வந்துவிட்டார். அவரைப் பார்த்தேன், என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அவரை உட்கார வைத்து, எதிரில் முகம் பார்த்து உட்கார்ந்து, காது கேட்கிறதா இல்லையா என்று கேட்டேன்.  வலது காதுல ஒண்ணுமே இல்ல, இடதுல பாதி இருக்கும், ஒன்றரை வருஷமா இப்படித்தான்னு சொன்னார். குட்டி, ஒன்றரை வருஷம். நான் பின்னாலிருந்து பேசின எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. பாலத்தில் கையைத் தூக்கியது முன்னால் பள்ளம் இருக்கிறது என்று எனக்குக் காட்ட. அன்னிக்குக் கேட்டுட்டு நடுவுல ஒண்ணு ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தேன், உன் வாய் ஓயவே இல்ல, இவ்வளவு பேசறாளே, ஆசையா இருக்கா போலன்னு நினைச்சேன் என்கிறார். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. எதற்காகத்தான் அவளிடம் போகலாம் என்றீர்கள், உங்களுக்கு ஆசையா என்று கேட்டேன்.  இன்னும் கொஞ்ச நாள்ல இடதும் போயிடும், அப்புறம் நீ யாரோட பேசுவ, அங்க போனா குட்டி இருக்கா, பேத்தி இருக்கா, உனக்குக் காது கொடுக்க ஆள் இருக்கும்னுதான் என்றார். பஞ்சரான அன்று திரும்பிப் பார்த்து நான் இல்லை என்றதும், லாரி அடித்துவிட்டது, தனக்குச் சத்தம் கேட்காமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தாராம். அந்த மனுஷனைத்தான் நான் நடுரோட்டில் நிற்க வைத்துத் திட்டினேன். நாற்காலியை மாற்றியதும் என் பேச்சு இடது காதில் விழட்டும் என்றுதான். டீச்சரிடம் நான் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அவருக்கு நான் சொன்ன பதிலையே உனக்கும் சொல்கிறேன். எனக்குக் காது கொடுக்க ஆள் தேடவேண்டாம். ஒன்றரை வருஷம் கேட்காத முதுகோடு பேசிக்கொண்டு போயிருக்கிறேன், அப்போதும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். எனக்கு அந்த முதுகு போதும். அதனால் நீ வருத்தப்படாதே, திரைச்சீலை வாங்காதே, அந்த அறையில் பேத்தி படம் வரையட்டும். கடற்கரையிலிருந்து திரும்பியதும் காது டாக்டரிடம் போவது என்று என் தலையில் கை வைத்து எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறார். பயணத்துக்கும் ஒரு ஏற்பாடு பண்ணியாகிவிட்டது. இனிமேல் நான் முன்னால் போவேன், அவர் என்னைக் கண்ணால் பார்த்துக்கொண்டு பின்னால் வருவார், கண்ணாடியை ரோட்டுப் பக்கம் திருப்பி நானே முடுக்கிவிட்டேன், லாரி தெரிகிறது. பகலிலும் மின்னுகிற பின்விளக்கும் பளிச்சென்ற மேல்சட்டையும் இரண்டு பேருக்கும் உண்டு. பேசவேண்டும் என்றால் நான் கையைத் தூக்குவேன், இறங்குவோம், இடது பக்கம் போய் நின்று பேசிவிட்டு மறுபடி ஏறுவோம். பன்னிரண்டு நாள் பயணம் பதினாறு நாள் ஆகும் என்று உங்கப்பா கணக்குப் போடுகிறார்.

உன்மேலும் எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. பெரிய எழுத்து போன் ஒன்று போன வருஷம் அப்பாவுக்கு அனுப்பினாய், அதில் மணி அடித்தால் விளக்கும் மின்னுகிறது. உனக்கு முன்னாலேயே தெரியுமா? உண்மையை எழுது, திட்டமாட்டேன், திட்டினாலும் கொஞ்சமாகத் திட்டுவேன். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும், பேத்தி கன்னத்தில் எனக்காக ஒரு முத்தம் கொடு. மாப்பிள்ளையிடம், முதுகு வலிக்கு என்று தன் சைக்கிளுக்கு அந்த மெத்தைச் சீட்டை மட்டும் வாங்கவேண்டாம் என்று சொல். செயின் எண்ணெயைத் துடைத்தது நான்தான் என்று அப்பாவிடம் மூச்சு விடாதே, ஞாபகம் இருக்கட்டும்.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அம்மா

குட்டி, உறை வாங்க அம்மா கடைக்குப் போயிருக்கிறாள், கடிதம் மேஜையில் திறந்தே இருந்தது, படித்துவிட்டேன். செயினில் எண்ணெய் இல்லை என்பது முதல் மிதியிலேயே காலுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா என்னமோ சோதிக்கிறாள் என்றும் தெரிந்தது. வாயால் சொல்ல ஒன்றரை வருஷமாக எனக்கு வரவில்லை, அவளே கண்டுபிடிக்கட்டும் என்று பதினெட்டு கிலோமீட்டரும் மிதித்தேன். இதைத் தனிச் சீட்டில் எழுதி, கடிதத் தாள்களுக்குள் மடித்துச் செருகிவிடுகிறேன், நான் எழுதினேன் என்று அவளிடம் சொல்லாதே.

அப்பா