பூஜை வாரத்தில் ஓர் ஆயில் கூலர்

அக்டோபர் 10, 2002. வியாழன்

காலையிலிருந்து மழை. கிடங்கில் அரிசி மூட்டையெல்லாம் ஈரம், மட்கிய வாடை. நாள் முழுக்க அதை முகர்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் அதைவிட மோசமான ஒன்று காத்திருந்தது.

அத்தான் ஆயில் கூலர் கொண்டுவந்துவிட்டார். அக்காவின் புருஷன்; எங்களோடுதான் வாசம். கொச்சி கார்ப்பரேஷனில் குப்பை லாரி ஓட்டுகிறார். அதனால் உலகத்தில் ஓடுகிற எல்லா எஞ்சினும் அவருக்கு அத்துப்படி. எந்த வண்டியில் கழற்றியது என்று கேட்டேன்.

"அதெல்லாம் நீ எதுக்கு அறியணும்? நல்ல சாதனமாக்கும்."

நல்ல சாதனம்! குட்டி ரேடியேட்டர் மாதிரி ஒரு பெட்டி, எஞ்சின் எண்ணெயை ஆற்றுமாம். தகட்டு இடுக்கெல்லாம் செத்த பூச்சி. குழாய் வாயைச் சாய்த்தேன். கறுப்பாக ஒன்று ஒழுகியது, எண்ணெயும் இல்லை, சேறும் இல்லை. கடைசியில் ஒரு கரப்பான் வந்து விழுந்தது. முழுசாக, மீசையோடு. சீ. ராத்திரிச் சோறு இறங்கவில்லை. மூன்று தடவை சோப்புப் போட்டும் கை நாறுகிறது.

எல்லாம் அந்தக் குதிரான் மலையால் வந்த வினை. ஓணம் கழிந்து என் மனைவி கலாவையும் பாப்பாவையும் கோயம்புத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனபோது, திருச்சூர் தாண்டி அந்த ஏற்றத்தில் என் கார் கொதித்து நின்றது. உச்சி வெயில். கேனில் தண்ணீர் இல்லை. பாப்பாவுக்குக் காய்ச்சி எடுத்துவந்த புட்டித் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினேன். வண்டி கிளம்பியது. கிளம்பியதா இல்லையா? அதை யாரும் சொல்வதில்லை. ஊரில் இறங்கும்போது கலா ஒன்றே ஒன்று கேட்டாள்: "வண்டிக்குத் தண்ணி ஊத்துனீங்களே, புள்ளைக்கு ஒரு மடக்கு வெச்சீங்களா?"

ஒரு வாரத்தில் திரும்ப வேண்டியவள். இன்னும் வரவில்லை. ஒரு புட்டித் தண்ணீருக்கு!

செவ்வாய் விஜயதசமி. அன்று காலை எங்கள் மாரியம்மன் கோவிலில் பாப்பாவின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்து எழுதவைக்க வேண்டும். அதற்குள் இரண்டு பேரையும் கூட்டிவர வேண்டும். காரில்தான். "அந்த வண்டி குதிரான் ஏறாது" என்று மாமனார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். ஏறும்.

ஆயில் கூலர் என்று முழுசாக எழுதும் மரியாதை அதற்கு இல்லை. இனி ஆ.கூ.

அக். 11. வெள்ளி

அரை நாள் லீவு. படகில் எறணாகுளம். பக்கத்தில் நின்றவரின் மீன் கூடையிலிருந்து சொட்டுச் சொட்டாக என் செருப்பில். நகர்ந்தேன். கூடையும் நகர்ந்தது.

அங்கே பிராட்வே கடைத்தெருவில் வாங்க வேண்டியவை:
– எண்ணெய் தாங்கும் ரப்பர் ஹோஸ்
– அதை இறுக்கும் கிளிப்
– ஆயில் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கும் தட்டு (இதன் வழியாகத்தான் எண்ணெய் ஆ.கூ.-க்குப் போய்த் திரும்புமாம். அத்தான் வாக்கு)
– மண்ணெண்ணெய்
– சோப்பு, எனக்கு

கடைக்காரன் ஹோஸை வெட்டிக்கொண்டே சிரித்தான். "கொச்சியில எங்க சேட்டா ஏற்றம்? தோப்பும்படி பாலம் ஏறவா ஆயில் கூலர்?" பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். தெரியாத ஆட்களுக்கு என் வண்டியைப் பார்த்து என்ன சிரிப்பு?

பஸ்ஸில் திரும்பினேன். சீட்டில் யாரோ மென்று துப்பியது. அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில்தான் தெரிந்தது.

அக். 12. சனி

மழை இல்லை. புழுக்கம். காலையிலேயே சந்துக்குள் வண்டிக்கு அடியில் படுத்தேன். மல்லாந்து படுத்தால் ஓடை வாசனை நேராக மூக்கில்.

பழைய எண்ணெயை இறக்கினேன். பாதி சட்டியில், மீதி முழங்கை வழியாக அக்குளில். அத்தான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டே மேற்பார்வை. "இடது பக்கம். அட, உன் இடது இல்ல, வண்டியோட இடது." கரப்பான் வீட்டை மண்ணெண்ணெயில் கழுவி, ரேடியேட்டருக்கு முன்னால் இரும்புப் பட்டை அடித்துப் பொருத்தி, ஹோஸ் இரண்டையும் மாட்டி, புது எண்ணெய் ஊற்றினேன். அத்தான் கிளிப்பை மட்டும் தானே முடுக்குவேன் என்றார். முடுக்கினார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பண்ணினேன்.

ஹோஸ் பிடுங்கிக்கொண்டு எகிறியது. சுவர், ஜன்னல், துளசி, நான். இதோடு போயிருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டுக் கபீர் இக்காவின் கொடியில் ஒரு வெள்ளை முண்டு காய்ந்துகொண்டிருந்தது. இப்போது அதில் நெடுக ஒரு கறுப்பு வாய்க்கால்.

கபீர் இக்கா வெளியே வந்தார். முண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மணியே, இது நோம்புப் பெருநாளுக்கு உடுக்க வச்ச முண்டாக்கும்" என்றார். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை.

அத்தான் அதற்குள் குளிக்கப் போய்விட்டார். கிளிப்பை முடுக்கிய கை அல்லவா, அழுக்குப்பட்டிருக்கும்.

தலைமுடியில் எண்ணெய், காதுக்குள் எண்ணெய். என்னை எனக்கே சகிக்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

அக். 13. ஞாயிறு

(பென்சிலில் எழுதுகிறேன். காரணம் கீழே.)

காலையில் பூத்திலிருந்து கலாவுக்குப் போன். ரிசீவரில் யாரோ வெற்றிலை போட்டுப் பேசிய நாற்றம். கைக்குட்டையால் பிடித்துக்கொண்டு பேசினேன். நாளைக்கு வருகிறேன், ஆயில் கூலர் மாட்டியாயிற்று என்றேன்.

"எதுக்குங்க இத்தன பாடு? நா பஸ்ஸுல வந்துக்கறனே."

வேண்டாம், வண்டியோடுதான் வருவேன் என்றேன்.

"பன்னெண்டு மணி வரைக்கும் பாக்கறேன். அப்பறம் நா பாட்டுக்குக் கெளம்பிருவேன்." பின்னால் பாப்பா குரல், யாருக்கோ பூனை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. போனை என்னிடம் தரவில்லை.

பகல் முழுக்கத் திரும்ப வண்டியடியில். கிளிப்பை நானே முடுக்கினேன். ஹோஸ் நின்றது. ஆனால் தட்டு சேரும் இடத்தில் கசிவு. சொட்டு, சொட்டு. பெரிய ஸ்பானர் போட்டு இன்னும் கால் சுற்று முடுக்கினால் தீர்ந்தது. கை கழுவி ஒரு சாயா குடித்துவிட்டு வந்தால் ஸ்பானர் பெட்டியைக் காணோம்.

பூஜை அறையில் இருந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் பட்டுத்துணி விரித்து, என் ஸ்பானர்கள், அக்காவின் தையல் கத்தரி, அரிவாள்மணை, அத்தானின் லைசென்ஸ், என் பேனா. எல்லாவற்றுக்கும் பொட்டு. விளக்கு எரிகிறது.

"அக்கா, வேல பாதில நிக்குது."

"அஷ்டமியாக்கும். பூஜைக்கு வச்சாச்சு. இனி தசமி காலம்பரதான் தொடணும்."

"நம்ம தமிழ்நாட்டுல நவமி ஒரு நாள் மட்டும்தானே?"

"நாம இருக்கறது இங்கயல்லவா? அதையும் பாக்கணும், இதையும் பாக்கணும். நீ எடுத்தா பாப்பாவுக்கு எழுத்து வராது, கேட்டியா?"

அங்கே ஒரு நாள், இங்கே இரண்டு நாள். அக்காவுக்கு எந்த ஊர்ச் சாமியும் கோபித்துக்கொள்ளக் கூடாது. தம்பி நடுரோட்டில் நின்றால் பரவாயில்லை. பாப்பாவின் பெயரைச் சொன்ன பிறகு நான் எப்படிக் கை வைப்பேன்? இந்த டைரிகூடத் தப்பித்தது தலையணை அடியில் இருந்ததால். எழுதக்கூடாதாம். கிடங்குப் பென்சிலுக்குப் பூஜை போடவில்லை, எழுதுகிறேன்.

கடைசியில் யார் வாசலில் போய் நின்றேன்? கபீர் இக்கா. முண்டை நனைத்துவைத்த வாளி திண்டிலேயே இருந்தது, தண்ணீர் கறுப்பாக. வெட்கக்கேடு. ஸ்பானர் கேட்டேன். வாளியைப் பார்த்தார், உள்ளே போனார், கொண்டுவந்தார்.

"கொண்டு போ. எங்க ஸ்பானருக்குப் பூஜை இல்லல்லோ. ஆனா அந்த வண்டிய எங்க வீட்டுப் பக்கம் திருப்பி ஸ்டார்ட் பண்ணாதே, கேட்டோ."

கால் சுற்று. கசிவு நின்றது.

அக். 14. திங்கள். குதிரான், ரோட்டோரம்

நின்றுவிட்டது. சாண் ஏறினால் முழம் சறுக்கல் என்பது இந்த வண்டிக்காகச் சொன்னது.

எழுத வேறு வேலை இல்லை. விவரம் வருமாறு.

விடியுமுன் பாப்பாவின் புட்டிக்குத் தண்ணீர் நானே காய்ச்சினேன், ஜீரகம் போட்டு. ஆற்றி நிறைத்துப் பின்சீட்டில் வைத்தேன். கேன் நிறைய ரேடியேட்டருக்குத் தனியாக. குளித்துவிட்டு வந்தால் வண்டியை அடையாளம் தெரியவில்லை. முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. கிரில் தெரியாமல் செண்டுமல்லி மாலை, அதன்மேல் இன்னொரு மாலை. டயருக்கடியில் எலுமிச்சை. நான்கு டயரிலும் திருநீற்றுப் பட்டை. இவ்வளவு எதற்கு என்றேன். அக்கா கண் கலங்கிவிட்டாள். "போன தடவ குதிரான் கோவில்ல சில்லறை எறியாம போனே, அதான் நின்னுது. இந்தா." கையில் சில்லறை. கிளம்பினேன்.

திருச்சூர்வரை ராஜா மாதிரி ஓடியது. ஏற்றம் தொடங்கி, கோவில் வளைவு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சூட்டு முள் சிவப்புக்குப் போனது. பிறகு புகை. பிறகு அந்த வாசனை, வெந்த பூவும் எரிந்த எண்ணெயும். சாவு வீட்டில்கூட இப்படி ஒரு நாற்றம் இல்லை.

மாலையைப் பிய்த்தேன். கன்றைப் பிடுங்கினேன். அதற்குப் பின்னால்தான் விஷயம். ஆ.கூ. முழுக்கச் சந்தனம். பொட்டு வைத்திருந்தால் மன்னிக்கலாம். இல்லை, அப்பியிருக்கிறாள். தகட்டுக்குத் தகடு, இடுக்கு விடாமல் விரலால் தள்ளி, மேலே திருநீறு, அதன்மேல் குங்குமம். சூட்டில் வெந்து சிமென்ட் ஆகிவிட்டது. காற்று புகவே இடமில்லை. பின்னால் ரேடியேட்டர் மூச்சுமுட்டிச் செத்திருக்கிறது.

கேன் தண்ணீர் முழுக்க ஊற்றினேன். போதவில்லை.

பின்சீட்டில் பாப்பாவின் புட்டி. நிறைய. பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். கதவைச் சாத்தினேன். கொதிடி மூதேவி, நீ பாட்டுக்குக் கொதி.

கேனைத் தூக்கிக்கொண்டு கீழே டீக்கடைவரை நடை. திரும்ப மேலே. ஊற்றினேன். ஊற்ற ஊற்ற அடியில் ஓடியது. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்திருக்கிறது. இனி புது ஹோஸ் வேண்டும். ஸ்பானரும் இல்லை. என்னுடையது சாமி முன்னால், கபீர் இக்காவுடையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

லாரிகள் ஒதுங்கிப் போக வழியில்லை. இரண்டு பக்கமும் பிளாக். ஹாரன். ஒரு நாமக்கல் லாரிக்காரர் தலையை நீட்டி, "ஏம்ப்பா, மாலையெல்லாம் கெடக்குது, மாப்ள வண்டியா? பொண்ணு எங்க?" என்றார்.

ஈர்க்குச்சியால் சந்தனத்தைச் சுரண்டுகிறேன். வாட்சில் பன்னிரண்டு தாண்டிவிட்டது.

அக். 15. செவ்வாய். விஜயதசமி

வெளுத்த வானம். பேனா கிடைத்தது.

நேற்று மீதி: மேலேயிருந்து இறங்கிவந்த கோயம்புத்தூர் பஸ் ஒன்று என் எதிரிலேயே பிளாக்கில் நின்றது. நான் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தேன். "அப்பா அப்பா" என்று சத்தம். ஜன்னலில் பாப்பா. பக்கத்தில் கலா, பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி. எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ. மூஞ்சி நிறைய எண்ணெய், கை நிறையச் சந்தனம், காலடியில் வாழைக்கன்று. பூமி பிளந்தால் இறங்கியிருப்பேன்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். வண்டியைப் பார்க்கவில்லை. பின்கதவைத் திறந்து, "புள்ள தாகம்னு அழுதுட்டே வருது" என்று தன் பையைச் சீட்டில் வைத்துத் துழாவினாள். பிறகு புட்டியைப் பார்த்தாள். தூக்கிப் பார்த்தாள். கழுத்துவரை தண்ணீர். ரேடியேட்டரைப் பார்த்தாள், கீழே ஓடிய ஈரத்தைப் பார்த்தாள். திறந்து முகர்ந்தாள்.

"ஜீரகம் ஆரு போட்டது?"

"நான்தான்."

பாப்பா மடக்மடக்கென்று குடித்தது. கண்டக்டர் விசிலடித்தார். காரை நாலு பேர் சேர்ந்து ஓரம் தள்ளிவிட்டோம். நானும் அந்தப் பஸ்ஸிலேயே ஏறினேன். என் பக்கத்தில் உட்கார எவருக்கும் மனம் வரவில்லை, அப்படி நாறினேன். கலா உட்கார்ந்தாள்.

இன்று காலை கோவிலில் பாப்பா எழுதினாள். அழுதுகொண்டே, ஆனால் நேராக எழுதினாள். பூசாரியின் நகத்தில் அழுக்கு. பார்க்காத மாதிரி இருந்தேன்.

அக்காவிடம் சந்தனத்தைப் பற்றிக் கேட்டேன். "புதுசா வந்தது அதுதானே, அதுக்குத்தான் நல்லா பூசினேன்" என்றாள். அத்தான் சொல்கிறார், ஆ.கூ. சின்னதாம், பெரிசாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம். அவர் முகத்தைப் பார்க்கவே குமட்டுகிறது.

கபீர் இக்காவுக்குப் புது முண்டு வாங்க வேண்டும்.

இப்போது பஸ்ஸில் திரும்பக் குதிரானுக்கு. புது ஹோஸ், ஸ்பானர் பெட்டி (பொட்டு இன்னும் அழியவில்லை), கேன். வாசலில் செருப்பை மாட்டும்போது கலா வந்து ஒரு புட்டியை நீட்டினாள். பாப்பாவின் புட்டிதான். சூடாக இருந்தது.

"இத ரேடியேட்டர்ல ஊத்திக்குங்க. புள்ளைக்கு வேற வெச்சிருக்கறேன்."